பழைய ஃபைபரா, பழைய வள்ளமா? முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

தூத்துக்குடியிலிருந்து தொண்டி வரையிலான கரையில் விலைக்கு நிற்கும் பழைய சிறு படகுகளைப் பெரும்பாலும் இரண்டே வகையில் அடக்கிவிடலாம். ஒன்று, அச்சில் வார்த்தெடுத்த ஃபைபர் படகு. எடை குறைவு, வழுவழுப்பான உடம்பு, பின்பலகையில் தொங்கும் அவுட்போர்டு எஞ்சின். இன்னொன்று, பலகை அடித்த வள்ளம். ஏரா என்னும் அடிமரம், வங்குக்கால் என்னும் விலாச்சட்டம், கலப்பத்து அடித்து இடுக்கு அடைத்த மூட்டுகள், வயிற்றுக்குள் உட்கார்ந்திருக்கும் டீசல் எஞ்சின். கையில் இருக்கும் பணத்துக்கு இரண்டும் கிடைக்கிறது என்றால் எதை எடுப்பது? கரையில் யாரைக் கேட்டாலும் ஃபைபர் என்றுதான் சொல்வார்கள். வேகம், பராமரிப்பு, திரும்ப விற்றால் கிடைக்கும் விலை என்று மூன்று காரணங்களும் கையோடு வரும். மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றுமே படகு நிமிர்ந்து மிதக்கிற வரைக்கும் செல்லுபடியாகிற காரணங்கள். படகுக்குள் கடல் ஏறிவிட்டால் அது மிதக்குமா, முங்குமா என்பதைப் பேரம் பேசும்போது யாரும் கேட்பதில்லை. புதுப் படகு வாங்குகிறவருக்கு அதைக் கட்டியவரிடமாவது போய்க் கேட்க வழி இருக்கிறது. மூன்றாவது, நான்காவது கை மாறி வரும் படகுக்குப் பதில் சொல்ல ஆள் கிடையாது. எனவே அந்தக் கேள்வியை வாங்குகிறவர்தான் கேட்டாக வேண்டும், அதுவும் விலையைக் கேட்பதற்கு முன்பே.

ஃபைபர் ஏன் ஜெயித்தது என்பதில் ரகசியம் எதுவும் இல்லை. அயினிப் பலகை விலை ஏறிக்கொண்டே போனது. வங்குக்காலுக்கு இயற்கையாகவே வளைந்த நாட்டுக் கருவேலங்கொம்பு தேடுவது அதைவிடப் பெரிய பாடு. பலகையை அனலில் காட்டி வளைக்கத் தெரிந்த ஆசாரிகளின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்து கரையில் குவிந்தவற்றில் பெரும்பங்கு ஃபைபர்தான். அச்சு ஒன்று இருந்தால் அடுத்தடுத்து வார்த்துக்கொண்டே போகலாம். அவசரத்துக்கு அதைவிட வசதி வேறில்லை. அந்த அவசரத்தில் வார்த்தவற்றில் உருப்படியான படகும் உண்டு, கண்ணாடி இழை மேட்டையும் ரெசினையும் மிச்சம் பிடித்த மெலிந்த படகும் உண்டு. அவற்றில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. புதுப் பூச்சு அடித்தால் இருபது வயதுப் படகுக்கும் ஐந்து வயதுப் படகுக்கும் வெளித்தோற்றத்தில் வித்தியாசம் தெரியாது என்பதுதான் பழைய படகுச் சந்தையின் முதல் சிக்கல்.

இனி கணக்குக்கு வருவோம். கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய பொருள் தண்ணீரைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனம். 700 கிலோ எடையுள்ள ஃபைபர் கூடு ஒன்று முழுக்கத் தண்ணீருக்குள் போனால், அது விலக்குகிற தண்ணீர் 470 லிட்டருக்கும் குறைவு. மிச்சம் 230 கிலோவும் கீழே இழுக்கும். எஞ்சின், நங்கூரம், சங்கிலி, வலையின் ஈயம் என்று இன்னும் 60 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். கூட்டைப் பிடித்தபடி தலையை மட்டும் வெளியே வைத்திருக்கும் நான்கு பேருக்கு ஆளுக்குப் 15 கிலோ தாங்கல் வேண்டும். ஆக மொத்தம் 350 கிலோ. இதைத் தூக்கிப் பிடிக்க 350 லிட்டர் கொள்ளளவுக்குக் காற்றோ நுரையோ படகுக்குள் எங்காவது அடைபட்டிருந்தாக வேண்டும். இருந்தால் படகு மிதக்கும், இல்லாவிட்டால் போய்விடும். இதற்கு நடுவில் வேறொன்றும் இல்லை. மரத்தின் கதை வேறு. உலர்ந்த அயினி கன மீட்டருக்குச் சுமார் 600 கிலோதான் இருக்கும். ஆயிரம் கிலோ மரத்தில் கட்டிய வள்ளம் முழுக்க அமிழ்ந்தால் 1,660 லிட்டர் தண்ணீரை விலக்கும். 660 கிலோ மேலே தள்ளும் விசை மிச்சம். உள்ளே இருக்கும் டீசல் எஞ்சினின் சுமையைக் கழித்தாலும் ஆட்கள் பிடித்துத் தொங்குவதற்குத் தாராளமாகக் காணும். ஆனால் இந்தக் கணக்கில் மரத்துக்குச் சலுகை காட்டக்கூடாது. பல வருஷம் தண்ணீரில் ஊறிய பலகை 600 கிலோவில் நிற்காது. அது 850-ஐத் தொட்டுவிட்டால் அதே வள்ளத்தின் எடை 1,400 கிலோவைத் தாண்டும், தள்ளும் விசை 250 கிலோவாகச் சுருங்கிவிடும். எஞ்சினும் தளவாடமும் ஏறத்தாழ அவ்வளவு கனம். அதாவது ஊறிப்போன கிழட்டு வள்ளத்தில் கனத்த எஞ்சின் இருந்தால் அதுவும் இழுபறிதான். ஆனாலும் ஒரு வித்தியாசம் நிற்கிறது. வள்ளத்தில் மிதவைச் சக்தி மரத்துக்குள்ளேயே இருக்கிறது, குறைந்தாலும் மெதுவாகக் குறைகிறது, தினமும் தண்ணீரில் அது எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஃபைபரில் அது வெளியிலிருந்து கொண்டுவந்து உள்ளே வைத்து மூடிய சரக்கு. மூடிய பிறகு அதை யாரும் பார்ப்பதில்லை.

அந்தச் சரக்கு என்ன நிலையில் இருக்கிறது என்பதுதான் என்னுடைய ஓயாத கவலை. அணியத்திலும் பின்பக்கத்திலும் உட்காரும் தட்டுக்கு அடியிலும் மூடிய பெட்டிகள் இருக்கும். உள்ளே இருப்பது இரண்டில் ஒன்று: மஞ்சள் நிற பாலியூரித்தேன் நுரை, அல்லது நாம் கடையில் பார்க்கிற அதே வெள்ளைத் தெர்மகோல். நுரைக்குள் தண்ணீர் நுழைய மேலே ஒரு மயிரிழை விரிசல் போதும். வருஷக்கணக்கில் அது கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். படகைத் தூக்கிப் பிடிக்க வேண்டிய பொருள் அதன்பின் படகுக்குச் சுமையாகிறது. தெர்மகோல் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, ஆனால் அதற்கு வேறு எமன்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் பட்டால் கரையும். பாலியெஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பட்டாலும் கரையும். தெர்மகோல் கட்டியை வைத்து, காகிதமோ பிளாஸ்டிக் தாளோ சுற்றாமல், நேராக அதன்மேல் ரெசின் தடவி மேட்டு ஒட்டினால், மேலே பளிச்சென்ற பெட்டி நிற்கும், உள்ளே கட்டி சுருங்கிக் குழிந்து கிடக்கும். இது கட்டும் நாளிலேயே நடக்கக்கூடிய பிழை. இருபது வருஷம் கழித்தும் வெளியே தெரியாது. பிறகு பெட்டியின் மூடியை அறுத்துத் திறந்து ஐஸ் வைக்கவும், சாப்பாட்டுத் தூக்கு வைக்கவும், எண்ணெய்க் கேன் வைக்கவும் இடம் பண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இருபத்தெட்டு அடிப் படகில் இடம் என்பது பணம். என்றைக்கோ ஒருநாள் தேவைப்படும் காற்றுக்காக அதை ஒதுக்கி வைக்க எல்லோருக்கும் மனம் வராது. ஆனால் அந்தப் படகை வாங்குகிறவருக்கு, தான் வாங்குவது மிதவை இல்லாத கூடு என்று யாரும் சொல்லி விற்பதில்லை.

இது வேண்டாத பயம், முப்பது வருஷமாக ஃபைபரில் போய்வருகிறவர்கள் எல்லாம் முங்கியா போனார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பெரும்பாலான நாட்களில் படகு கவிழ்வதில்லை. பெரும்பாலான கவிழ்தல்கள் கரையோர அலையில்தான் நடக்கின்றன, நீந்தி வந்துவிடலாம். ஆனால் 2017 நவம்பர் 30-ஐ அப்படிச் சொல்லித் தள்ளிவிட முடியாது. ஓக்கி புயல் வந்த அன்று கன்னியாகுமரிக்குத் தெற்கிலும் மேற்கிலும் கடலில் இருந்தவர்களில் பலர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் பலர் திரும்பியது, பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று மிதந்துகொண்டிருந்ததால்தான். கவிழ்ந்த வள்ளமோ, கேனோ, பலகையோ, அன்று அதுதான் உயிர். நீச்சல் தெரிந்த மனிதனும் நடுக்கடலில் வெறும் கையோடு எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிப்பான்? தேடி வருகிற விமானத்துக்கும் கப்பலுக்கும் தனி மனிதத் தலை கண்ணில் படுவது அரிது. கவிழ்ந்த படகின் முதுகு தெரியும். ஆகவே மிதக்கும் கூடு என்பது தாங்கல் மட்டுமல்ல, அடையாளமும்கூட. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கவிழ்ந்த ஃபைபரின் வழுக்கும் அடிப்பாகத்தில் பிடிக்க என்ன இருக்கிறது? வள்ளத்துக்கு ஏரா வெளியே துருத்திக்கொண்டிருக்கும், விரல் கொடுத்துப் பிடிக்கலாம். ஃபைபரில் அடியோரமாகக் கயிறு ஓட வளையங்கள் பதித்திருந்தால் நல்லது. பழையவற்றில் அப்படி இருப்பதைக் காண்பது அபூர்வம். செலவென்று பார்த்தால் சில முழம் கயிறு.

மிதவையை ஒதுக்கிவைத்தாலும் பழைய படகுக்கு வள்ளம் பக்கம் சாய இன்னொரு காரணம் இருக்கிறது. வள்ளத்தின் நோய் வெளியே தெரியும். ஆணியைச் சுற்றிக் கருப்பு வளையம் கட்டியிருந்தால் இரும்பு துருப்பிடித்து மரத்தைத் தின்கிறது என்று அர்த்தம். ஏராவை ஒட்டிய முதல் பலகையில் கத்தி முனையை அழுத்தினால் எளிதாக இறங்குகிறதா, எதிர்த்து நிற்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடலாம். கப்பல் புழு துளைத்திருந்தால் துளையின் வாய் சிறிதாகத்தான் இருக்கும், ஆனால் சுத்தியால் தட்டும்போது பலகை பொக்கென்று கேட்கும். ராத்திரி தண்ணீரில் கட்டிப்போட்டு விடியற்காலையில் எவ்வளவு இறைக்க வேண்டியிருக்கிறது என்று பார்த்தால் மூட்டுகளின் யோக்கியதை வெளிவந்துவிடும். (ஒரு மாதம் மணலில் காய்ந்த வள்ளத்தை முதல் நாள் இரவிலேயே தீர்ப்பிட்டுவிடாதீர்கள். மரம் ஊறி மூட்டு இறுக இரண்டு மூன்று நாள் பிடிக்கும். இந்த விஷயம் தெரியாமல் நல்ல வள்ளத்தைத் தட்டிக் கழித்தவர்கள் உண்டு.) ஃபைபரிலோ ஒவ்வொரு வியாதிக்கும் ஒரு மூடி இருக்கிறது. மணலில் இழுத்து இழுத்து அடிப்பாகம் தேய்ந்து இழை வெளியே தெரிந்தால் புட்டி வைத்துப் பூச்சு அடித்துவிடலாம். தெரிந்த அந்த இழை வழியாக உள்ளே ஏறிய தண்ணீர் புட்டிக்குப் பின்னால் அப்படியே இருக்கும். எஞ்சினைத் தாங்கும் பின்பலகை பார்வைக்கு ஃபைபர், உள்ளே பிளைவுட். போல்ட்டுத் துளை வழியாகத் தண்ணீர் இறங்கி அது மக்கிப்போனால், மேல்தோல் மட்டும் கெட்டியாக நிற்கும், ஒருநாள் ஓட்டத்தில் எஞ்சினோடு சேர்ந்து கழன்று போகும்.

மூடிகளைத் திறக்க வழி இல்லாமல் இல்லை. எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் பின்பலகை கூடவே ஆடுகிறதா என்று பார்க்கலாம். உட்பக்கமாகச் சிறு துளை போட்டால் வரும் மரத்தூள் காய்ந்திருக்கிறதா, ஈரமாகக் கருத்து வருகிறதா என்பது பிளைவுட்டின் ஜாதகத்தைச் சொல்லிவிடும். துளையைச் சொட்டு ரெசினால் அடைத்துக்கொள்ளலாம். நாணயத்தால் அடிப்பாகம் முழுவதும் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடம் கணீரென்றும் ஒட்டு விட்ட இடம் மந்தமாகவும் கேட்கும். பெட்டிகளுக்குச் சோதனை இன்னும் எளிது: ஒவ்வொரு பெட்டியின் அடியிலும் ஒரு துளை. தண்ணீர் ஒழுகினால் கதை முடிந்தது. விற்கிறவர் பெரும்பாலும் இதற்கு ஒத்துக்கொள்ளமாட்டார். புதுசாகப் பூச்சு அடித்த படகில் ஓட்டை போடச் சொல்கிறீர்களே என்று கோபிப்பார். புதுசாக ஏன் பூச்சு அடித்தார் என்பதையும் நீங்கள் கேட்கலாம்.

வள்ளத்துக்கு எதிராகச் சொல்லப்படுவதில் கனமானது பராமரிப்புச் செலவு. வருஷாவருஷம் கரையேற்றிச் சுரண்டி, கலப்பத்து அடித்து, எண்ணெய் பூச வேண்டும். அந்த நாட்களில் தொழில் இல்லை. கலப்பத்துக்கு ஆள் கிடைப்பதும் குறைந்துகொண்டே வருகிறது. மறுக்கவில்லை. ஆனால் ஃபைபருக்குப் பராமரிப்பே இல்லை என்பது புதுப் படகு விற்பவரின் பேச்சு. பழைய படகு விஷயத்தில் அதை நம்பக்கூடாது. இருபது வயது ஃபைபருக்கு அடிப்பாகத்தைத் தேய்த்து உலர்த்தி மேட்டு ஏற்ற வேண்டிய வேலை நிச்சயம் வரும். முழுக்க உலராமல் ரெசின் பூசினால் ஒட்டாது. உலரவிடப் பொறுமை இல்லாமல் செய்த ஒட்டு அடுத்த வாடைக்கே உரியும். வள்ளத்தின் செலவு சிறுகச் சிறுக, எதிர்பார்த்த மாதத்தில் வருகிறது. பழைய ஃபைபரின் செலவு வரும்போது மொத்தமாக வருகிறது. எரிபொருளையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய ஃபைபரோடு வருவது பெரும்பாலும் பழைய டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு. அதே வேலைக்கு டீசல் எஞ்சினைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு எண்ணெய் குடிக்கும். வேகமாகப் போகிறது என்பது உண்மை; அந்த வேகத்தை யார் பணத்தில் வாங்குகிறோம் என்பதை மாதக் கடைசியில் பார்த்தால் தெரியும். நண்டு வலைக்கும் கரையோரச் செவுள் வலைக்கும் அந்த வேகம் எதற்கு என்பது எனக்கு விளங்கவில்லை.

வள்ளத்துக்கு ஒத்துவராத கரைகள் இருக்கின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வரை திறந்த கடல், கரையில் உடையும் அலை. அங்கே தினமும் அலையைக் கடந்து இறக்க வேண்டும், தினமும் மணலில் ஏற்ற வேண்டும். ஊருக்கு டிராக்டர் இருந்தாலும் ஊறிய பலகை வள்ளத்தை அன்றாடம் இழுத்தால் மூட்டு தாங்காது. அங்கே ஃபைபர்தான், வேறு பேச்சுக்கு இடமில்லை. ஆனால் மன்னார் வளைகுடாவில் தீவுகளின் மறைவும், பாக் நீரிணையில் ஆழமில்லாத அமைதியான தண்ணீரும், நங்கூரம் போட்டுக் கட்டிவைக்கத் துறையும் உள்ள ஊர்களில் ஃபைபரின் அந்த ஒரே பெரிய அனுகூலம் அடிபட்டுப் போகிறது. கரையேற்றவே தேவையில்லாத இடத்தில், கரையேற்ற வசதியானது என்று சொல்லி ஒன்றை வாங்குவானேன்? குமரி மாவட்டத்துப் பிளைவுட் வள்ளத்தைப் பற்றியும் கேட்பார்கள். மேலே ஃபைபர் பூசிய பிளைவுட் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, மக்கிப்போனால் இரண்டின் கெடுதலும் அதற்கு உண்டு. இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

ஃபைபர்தான் வாங்கியாக வேண்டிய நிலையில் இருப்பவர் மிதவையைத் தானே கட்டிக்கொள்ளலாம். அந்த 350 லிட்டருக்கு, மூடி இறுகிய காலி இருபது லிட்டர் கேன்கள் பதினெட்டு போதும். பழைய பெட்டியைத் திறந்து ஊறிய நுரையை அள்ளி எறிந்துவிட்டு அந்த இடத்தில் கேன்களை அடைத்தால், எப்போது வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், கெட்டதை மாற்றலாம். ஆனால் எல்லாவற்றையும் அடித்தட்டுக்குக் கீழே திணிக்கக்கூடாது. தண்ணீர் நிறைந்த படகில் மிதவை அடியில் இருந்தால் அது மேலே வரப் பார்க்கும், படகு குப்புறக் கவிழும். இரண்டு பக்கமும் விளிம்புக்குக் கீழே, எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயரமாகக் கட்ட வேண்டும். அப்போதுதான் படகு நிறைந்தாலும் நிமிர்ந்து நிற்கும், உள்ளே உட்கார்ந்து தண்ணீரை இறைக்கவும் வழி பிறக்கும். நெட்டு நெட்டாகக் கயிறு சுற்றிக் கட்டாமல் வலையால் மூடிக் கட்டினால் அலையில் பிய்த்துக்கொண்டு போகாது. கேன் இடத்தை அடைக்கும், வலை போடும்போது காலில் இடறும். இடறத்தான் செய்யும்.

காகித விஷயம் ஒன்று, சுருக்கமாக. தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், 1983-இன் கீழ் படகின் பதிவு யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் மானிய எண்ணெயும் நிவாரணமும். படகு கை மாறியும் பதிவு மாறாமல் கிடப்பது இந்தச் சந்தையில் சகஜம். எஞ்சின் நம்பரையும் சேர்த்துச் சரிபாருங்கள். படகு ஒருவருடையதாகவும் எஞ்சின் இன்னொருவருடையதாகவும் இருக்கிற விற்பனைகளும் உண்டு.

துறைமுகமோ மறைவான துறையோ உள்ள ஊர்க்காரர், நாள் தொழிலுக்குப் போகிறவர், கையில் அளவான பணம் வைத்திருப்பவர் என்றால் ஏரா கெட்டியாக இருக்கும் பழைய வள்ளத்தை எடுங்கள். எஞ்சின் மட்டும் லேசானதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். திறந்த கரைக்காரர் ஃபைபரை எடுங்கள், கேனுக்கும் கயிற்றுக்கும் ஆகும் தொகையைப் பேரத்திலேயே கழித்துக் கேளுங்கள். எந்தக் கரையானாலும், பெட்டியில் துளை போட்டுப் பார்க்க விடாதவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.